பசிச்ச வயிறு பன்னிரண்டு

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைச்சுக்கிடுங்க தங்கச்சி. ஓலைக் கொட்டானுக்குள்ளே ரொட்டி இருக்கு. மேலே ஒரு துணிதான் மூடியிருக்கு, மிதிபட்டா அவ்வளவுதான். மடியிலேதான் வைச்சிருந்தேன், சூடு தாங்கலை. அடுப்பிலேருந்து எடுத்து முக்கா மணி நேரம்கூட ஆகலை.

இல்லே, விக்கிறதுக்கு இல்லே. எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. கண்டக்டர் தம்பிகூட, "என்ன ஆச்சி, பேக்கரி போட்டாச்சா"ன்னு கேட்டுது. இது நேர்ச்சை ரொட்டி. அந்தோனியாருக்கு நேர்ந்துகிட்டது. உங்களுக்கு ஒண்ணு தர முடியாது, கோவிச்சுக்கிடாதீங்க. உங்களைப் பார்த்தா சாப்பிட்டு வந்த ஆள் மாதிரி இருக்கு. இது பசிச்ச வயித்துக்கு மட்டும்தான். அப்படித்தான் வார்த்தை கொடுத்திருக்கேன்.

நீங்க டவுன் வரைக்குமா? அப்ப நான் முந்தி இறங்கிருவேன். பனைவிளை விலக்கு. என் மருமக பிரகாசி அங்கேதான் இருக்கா, அவ அம்மா வீட்டிலே. அவளைக் கூப்பிடப் போறேன்னு நினைச்சிராதீங்க. நான் எதுக்குக் கூப்பிடணும். அவளாத்தானே போனா.

என் மகன் பேரு கஸ்மீர். ஒரே மகன். அவங்க அப்பா கட்டில்லே படுத்துச் செத்தவரு, கடல் அவரை ஒண்ணும் செய்யலை. அதனாலே எனக்குக் கடல் மேலே பயமே கிடையாது. அவன் கடலுக்குப் போயி இன்னையோட பத்தொம்பது நாள். மேற்கே கொல்லத்துப் பக்கம் போயி அங்கேருந்து ஒரு போட்டிலே ஏறினான். ஒம்பது பேர். அதிலே அஞ்சு பேர் எங்க மாதாக்குடிக்காரங்க. நாலாம் நாள் காத்து கிளம்பிச்சு. கூடப் போன போட்டெல்லாம் ஒண்ணொண்ணா ஏதாவது ஒரு கரையைப் பிடிச்சிட்டு. இது ஒண்ணு மட்டும் பிடிக்கலை.

உள்ளூர்லே தொழில் இல்லாமலா அவன் மேற்கே போனான்? இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. வீட்டிலே நிம்மதி இல்லேன்னு போனான். யாராலேன்னு நான் சொல்ல மாட்டேன். கட்டிக்கிட்டு வந்தவ பனைவிளைக்காரி. கடல் தெரியாதவ. சூடை மீனுக்கும் சாளை மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் ஒண்ணுமே சொன்னதில்லே தங்கச்சி. செதிளை ஒழுங்கா எடுன்னு சொல்லுவேன். வலை கிடக்க இடத்திலே குறுக்கே தாண்டாதேன்னு சொல்லுவேன். உங்க ஊர்லே எல்லாம் இப்படித்தான் குழம்பு தண்ணியா வைப்பாங்களான்னு கேப்பேன். உன் கால் வீட்டிலே பட்ட நாள்லேருந்து வலை மடியிலே மீனே விழலைன்னு ஒரு தடவை சொன்னேன். ஒரு தடவைன்னா, எப்பவாவது. இதெல்லாம் ஒரு பேச்சா? அவன் ஒரு நாள் தட்டைத் தள்ளி வைச்சிட்டு, "நான் மேற்கே போறேன், நீங்க ரெண்டு பேரும் இருந்து தீர்த்துக்கிடுங்க"ன்னுட்டுப் போயிட்டான். போகும்போது அவளுக்கு ஏழாம் மாசம் பிறந்திருந்துச்சு.

சரி, ரொட்டிக்கு வாரேன்.

சேதி வந்த சனிக்கிழமை அந்த அஞ்சு வீட்டுப் பொம்பளைகளும் அந்தோனியார் சுரூபம் இருக்க கெபிக்கு முன்னாலே முழங்கால் போட்டோம். காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தாரவரு அந்தோனியாரு. மூக்குத்தித் திருகாணி தொலைஞ்சாலும் நாங்க அவர்கிட்டேதான் கேப்போம். ஒம்பது செவ்வாய்க்கிழமை ரொட்டி கொடுக்கேன்னு நேர்ந்துகிடுறது எங்க பக்கத்து வழக்கம். பேக்கரியிலே பன்னு வாங்கிக் கெபி வாசல்லே இருக்க ஏழை எளியதுக்குக் கொடுத்தா முடிஞ்சுது. மத்த நாலு பேரும் அப்படித்தான் நேர்ந்தாங்க. கேட்டுக்கிட்டே இருந்த எனக்குத் திக்குன்னுச்சு. ஒரே பேக்கரி, ஒரே பன்னு. எது யார் வீட்டு ரொட்டின்னு அவருக்கு எப்படித் தெரியும்? கடல் எம்புட்டுப் பெருசு. ஒம்பது பேர்லே என் மகனை அவர் முதல்லே பார்க்கணும்லா? என் முறை வந்ததும் சத்தமாச் சொல்லிட்டேன்.

"ஒம்பது செவ்வாயும் என் கையாலே பிசைஞ்சு, என் அடுப்பிலே சுட்டு, பசிச்ச வயிறு பன்னிரண்டுக்குக் கொடுக்கேன். ஒண்ணு மிச்சம் வராது, ஒண்ணு வீணாப் போகாது. என் பிள்ளையைக் கொண்டா."

பக்கத்திலே நின்ன செபமாலை என்னைத் திரும்பிப் பார்த்தா. அவ மகனும் அதே போட்டு. "அக்கா, உனக்கு ரொட்டி சுடத் தெரியுமா?"ன்னா.

அப்பதான் தங்கச்சி, எனக்குத் தெரியாதுங்கது எனக்கே தெரிஞ்சுது.

தோசை தெரியும், ஆப்பம் தெரியும், இடியாப்பம் ஊருக்கே பிழிவேன். ரொட்டி யாரு சுட்டா? காய்ச்சல்னா கடையிலே வாங்குவோம், அவ்வளவுதான். பேக்கரி அசன்கனிகிட்டே போனேன். நல்ல மனுசன். "ஆச்சி, நீங்க வந்து உங்க கையாலே பிசைஞ்சு வைச்சிட்டுப் போங்க, நான் என் அடுப்பிலே ஏத்தி எடுத்துத் தாரேன்"னு சொன்னாரு. என் அடுப்பிலேன்னு சொல்லித் தொலைச்சிட்டேனே தம்பின்னேன். "உங்க அந்தோனியாரு அம்புட்டுக் கண்டிப்பானவரா"ன்னு சிரிச்சாரு. சிரிச்சிட்டு, ஒரு காகிதத்திலே ஈஸ்ட்டுன்னு மண்ணு மாதிரி ஏதோ மடிச்சுக் கொடுத்தாரு. மாவிலே கலக்கணும், உப்பி வரும், உப்பின பிறகு சுடணும். இம்புட்டுத்தான் சொன்னாரு. தண்ணி எப்படின்னு அவர் சொல்லலை, நான் கேக்கலை. தண்ணியைப் பத்தி என்கிட்டே யாரு சொல்லணும்?

செவ்வாய்க்கிழமை காலையிலே உக்காந்தேன். மூணு படி மைதா. இடியாப்பத்துக்கு எப்படிப் பிசைவோம்? கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்தி, அகப்பைக் காம்பாலே கிண்டி, கை பொறுக்குற சூட்டிலே பிசைவோம். அதேதான் செஞ்சேன். அந்தத் தூளைத் தூவினேன், மேலே கொதிக்கிற வெந்நியை ஊத்தினேன். கை வெந்துபோச்சு. வேகட்டும்னு பிசைஞ்சேன். கையிலே ஒட்டுது, உதறினா போகலை, சுரண்டினா போகலை. ஒட்ட ஒட்ட அவன் பேரைச் சொல்லிக்கிட்டே பிசைஞ்சேன். கஸ்மீர், கஸ்மீர்னு. அரை மணி நேரம் இருக்கும். தோள்பட்டை விட்டுப்போச்சு.

பிரகாசி கதவுப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. "நான் கொஞ்சம் பிசையட்டுமா மாமி"ன்னா. "என் கையாலேன்னு சொல்லியிருக்கேன், நீ தொட்டுக் கெடுத்திராதே"ன்னேன். போயிட்டா. காத்து கிளம்பிச்சுன்னு கேட்டதிலேருந்து அவ அஞ்சாறு நாளா எதையும் திங்கலை. வைச்ச சோறு வைச்சபடி இருக்கும். நடிக்கான்னு விட்டுட்டேன். பெத்தவ நானே ரெண்டு வாய் திங்கேன், இவளுக்கு என்னன்னு.

மாவு உப்பவே இல்லே தங்கச்சி. துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கேன், கல்லுக்குண்டு மாதிரி அப்படியே கிடக்கு. பத்து மணிக்குப் பார்த்தேன், பதினொண்ணுக்குப் பார்த்தேன். "ஏறு சாமி, ஏறு"ன்னு அதுகிட்டே கெஞ்சினேன். மத்தியானம் ஆயிட்டு. சாயங்காலம் நவநாள் ஜெபம். இனி எங்கே காத்திருக்க?

கிறிஸ்மஸுக்கு எங்க ஊர்லே இட்லிக் கொப்பரையிலே மண்ணைப் போட்டுச் சூடாக்கி, அதுக்குள்ளே தட்டை வைச்சுக் கேக்கு சுடுவாங்க. மூடி மேலேயும் நெருப்புக் கங்கை அள்ளிப் போடணும். அதைப் பார்த்திருக்கேன். கடற்கரையிலே போயி மண்ணு அள்ளிக்கிட்டு வந்தேன். சலிக்கலை. சூடு ஏற ஏற அதிலே கிடந்த சிப்பியெல்லாம் பட்டுப் பட்டுன்னு வெடிக்குது. ஒவ்வொரு வெடிக்கும் என் உசிரு போயி வந்துச்சு. தட்டிலே நாலு நாலாத்தான் வைக்க முடிஞ்சுது. மூணு தடவை சுட்டேன். அடி கரிஞ்சுபோச்சு, மேலே வெளுத்துக் கிடக்கு. தட்டினா சத்தம் வருது. கட்டிலை விரல் மொளியாலே தட்டுற மாதிரி.

என்ன செய்ய? கொட்டான்லே அடுக்கித் தூக்கிக்கிட்டுப் போனேன்.

கெபி வாசல்லே எப்பவும் ஒரு பத்துப் பதினஞ்சு பேர் இருப்பாங்க. மத்த நாலு வீட்டுப் பன்னும் முந்தியே வந்துட்டு. மெத்து மெத்துன்னு, மேலே மினுக்குது. நான் முதல்லே தாசையன்கிட்டே போனேன். வயசாளி, பல்லு கிடையாது. கையிலே வாங்கினாரு. திருப்பிப் பார்த்தாரு. "தாயி, எனக்கு இருக்கது ரெண்டு ஈறு. அதையும் எடுக்கணும்னா நேர்ந்திருக்கே"ன்னாரு. பக்கத்திலே ஒரு பொம்பளை சொல்லுதா, "கறிக்குழம்பு இருந்தா நாளைக்குள்ளே ஊறிரும், குழம்பையும் நேர்ந்துகிட்டு வா"ன்னு. எல்லாம் சிரிக்குதுக.

எனக்குச் சிரிப்பு வருமா? ஒண்ணு மிச்சம் வராதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அங்கே தண்ணியிலே ஒருத்தன் கிடக்கான். நான் கெஞ்சினேன் தங்கச்சி. அவங்க என்கிட்டே கை நீட்டுறது போயி, நான் அவங்க முன்னாலே குத்தவைச்சு, ஒரு வாய், ஒரு வாய் மட்டும் திங்க ஐயான்னு கெஞ்சினேன். ஒருத்தன் வாங்கிச் சாக்குக்குள்ளே போட்டான். மனசு குளிர்ந்துச்சு. "வீட்டிலே ஆடு நிக்குது"ன்னான். சாக்குக்குள்ளே கையை விட்டுப் பிடுங்கிக்கிட்டேன். ஆட்டுக்கு நான் நேரலை. ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பிச்சைக்காரி இருந்தா, அவ வாங்கிக்கிடுவான்னு நினைச்சேன். அவ, "வயித்திலே பிள்ளை இருக்கு ஆச்சி, இதைத் தின்னா அடைச்சுக்கிடும்"னுட்டா.

பன்னிரண்டையும் பன்னிரண்டாத் திருப்பிக்கிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலே அசன்கனி கடைக்குப் போயி ஒண்ணைக் காட்டினேன். அவரு அதை உடைச்சுப் பார்க்க முடியாம, மேசையிலே வைச்சிட்டு, "வெந்நி ஊத்தினியளா"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "அது செத்துப்போச்சு ஆச்சி. அது உசிருள்ள சாமான். கைச்சூட்டுத் தண்ணியிலேதான் முழிக்கும், கொதிச்ச தண்ணியிலே போட்டா செத்துரும்"னாரு.

நான் அங்கேயே உக்காந்துட்டேன். உசிருள்ள சாமானாம். என்கிட்டே யாரும் சொல்லலை. ஒரு உசிரைக் கேட்டு நேர்ந்தவ, வேற ஒரு உசிரை என் கையாலே வெந்நி ஊத்திக் கொன்னுருக்கேன். அவரு பாவம், டீ வாங்கிக் கொடுத்தாரு. அடுத்த செவ்வாய்க்கு நல்லா வரும்னு புதுசா ஒரு பொட்டலம் மடிச்சுத் தந்தாரு. கைச்சூடு, கைச்சூடுன்னு மூணு தடவை சொன்னாரு. அங்கேருந்து நேரா மீன் இறங்குற தளத்துக்குப் போனேன், ஏதும் சேதி உண்டான்னு கேக்க. இல்லே.

வீட்டுக்கு வந்தா, அடுப்பங்கரையிலே பிரகாசி உக்காந்திருக்கா. முன்னாலே ஒரு சட்டி நிறையக் கடுங்காப்பி. கொட்டான் காலியாக் கிடக்கு. நான் அசன்கனிகிட்டே காட்ட எடுத்துட்டுப் போன அந்த ஒண்ணு போக, பதினொண்ணையும் காப்பியிலே ஊறப் போட்டிருக்கா. பாதியைத் தின்னுட்டா. கரிஞ்ச அடியை வீசக்கூட இல்லே. அதையும் மென்னுக்கிட்டு இருக்கா. கன்னமெல்லாம் காப்பி.

எனக்குக் கண்ணு இருட்டிட்டு. "அது நேர்ச்சை ரொட்டி. ஏழைக்குக் கொடுக்க வேண்டியதை வீட்டாளு தின்னா, வாய்லே வைச்சதைத் திரும்பப் பறிச்ச மாதிரி. உனக்குத் தெரியாதா"ன்னு கத்தினேன்.

"பசிச்சிது மாமி. ஏன்னே தெரியலை, திடீர்னு பசிச்சிது"ன்னா. இன்னும் என்னமோ சொன்னா. ரொட்டியிலே உங்க கை வாசம் அடிச்சுதுன்னோ, அவர் வீட்டிலே இருக்கும்போது அடிக்கிற வாசம்னோ. நான் காதிலே வாங்கலை.

நான் ஒண்ணு சொன்னேன். அதை உங்ககிட்டே எதுக்குச் சொல்லணும். கோபத்திலே எல்லாரும் சொல்றதுதான். "அவன் திரும்பி வரக்கூடாதுன்னுதானே தின்னே"ன்னு கேட்டேன். அவ்வளவுதான்.

அவ மிச்சத்தையும் தின்னா. நான் பார்த்துக்கிட்டு நிக்கேன், என் கண்ணு முன்னாலே ஒண்ணு விடாமத் தின்னு, சட்டியைக் கழுவிக் கவுத்தி வைச்சா. மறுநாள் காலையிலே முதல் பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. ஏழு மாசத்துக்காரி, ஒத்தையிலே. நான் தடுக்கலை. போறவளை எதுக்குத் தடுக்க?

பங்குச்சாமிகிட்டே போயி எல்லாத்தையும் சொல்லி நியாயம் கேட்டேன். ஒரு செவ்வாய் வீணாப் போச்சே, இது கணக்கிலே சேருமா, மறுபடி முதல்லேருந்து தொடங்கணுமான்னு. "பிலோமினாம்மா, நீங்க என்னன்னு நேர்ந்தீங்க"ன்னாரு. பசிச்ச வயிறுன்னு நேர்ந்தேன் சாமின்னேன். "அவ எத்தனை நாள் சாப்பிடலை"ன்னாரு. ஆறு நாள் இருக்கும்னேன். "அப்ப சேர்ந்தாச்சே"ன்னாரு. நான் விடலை. பன்னிரண்டு வயித்துக்குன்னு சொன்னேன், இது ஒரு வயிறுதானேன்னேன். அவரு என்னையே பார்த்தாரு. "ரெண்டு"ன்னாரு.

சின்ன வயசுச் சாமி. செமினாரி முடிச்சு வந்து ஒரு வருஷம் ஆகலை. அவருக்கு நேர்ச்சையைப் பத்தி என்ன தெரியும்?

ஆனா பாருங்க, அன்னையிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை. வீட்டிலே ஒரு ஆள் சத்தம் கிடையாது. குழம்பு வைச்சா, உப்பு பார்க்கச் சொல்ல ஆள் கிடையாது. நேத்து என்னை அறியாம, "செதிளை ஒழுங்கா எடு"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்கேன். யாரிருக்கா?

நேத்து மத்தியானம் மேற்கேருந்து போன் வந்துச்சு. செபமாலை வீட்டுக்குத்தான் வந்துச்சு. அவ விழுந்து கிடந்தா, நான்தான் வாங்கிப் பேசினேன். தேடப் போன போட்டெல்லாம் திரும்பிட்டாம். இனி தேடப் போகலையாம். ஒரு ஐஸ் பெட்டி மூடி மிதந்துச்சாம், அதிலே போட்டு நம்பர் இருந்துச்சாம். மூடிதானே? மூடி காத்திலே பறக்கத்தான் செய்யும். தேடுறதை நிறுத்தினது அவங்க. அந்தோனியாரு நிறுத்தினதா யாரும் எனக்கு போன் பண்ணலை. இன்னும் எட்டுச் செவ்வாய் இருக்கு, இல்லே, சாமி கணக்குப்படி இன்னை போக ஏழு.

செபமாலை இன்னைக்குப் பன்னு கொண்டுவர மாட்டேன்னுட்டா. மத்த மூணு வீட்டிலேயும் அடுப்பு பத்தலை. நான் காலையிலே உக்காந்தேன். தண்ணியைக் கையிலே ஊத்தி ஊத்திப் பார்த்தேன். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுறதுக்குப் பார்ப்போமே, அந்தச் சூடு. இந்தத் தடவை அவன் பேரைச் சொல்லலை. சும்மா பிசைஞ்சேன். துணியைப் போட்டு மூடி வைச்சிட்டு, பக்கத்திலேயே சுவரிலே சாஞ்சு உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்க்கேன், துணி மேலே எழும்பி நிக்குது. பயந்துட்டேன். உள்ளேருந்து ஒண்ணு தள்ளுற மாதிரி. தொட்டுப் பார்க்கக் கை கூசிச்சு. தொட்டேன். வெதுவெதுன்னு, ஒரு மூச்சு விட்டுது.

மண்ணைச் சலிச்சுப் போட்டேன். பன்னிரண்டும் ஒண்ணு போல எழும்பி, மேலே செவந்து வந்துச்சு. தெருவெல்லாம் வாசம். கெபிக்குத் தூக்கிக்கிட்டுப் போனா, தாசையன் தூரத்திலேருந்தே எந்திரிச்சு நிக்காரு. போன வாரம் குழம்பு கேட்டாளே, அவளும் முந்தானையை விரிச்சுக்கிட்டு வாரா. எல்லாக் கையும் நீளுது. கொடுத்திருந்தா அஞ்சு நிமிஷத்திலே இன்னைக்கு நேர்ச்சை முடிஞ்சிருக்கும்.

கொடுக்கலை தங்கச்சி. ஏன்னு கேட்டா, எனக்கு என்ன தெரியும். அவங்களுக்கு யாராவது கொடுப்பாங்க. நான் சொன்ன வார்த்தை பசிச்ச வயிறு. கொட்டானைத் தூக்கி இடுப்பிலே வைச்சேன், பஸ்ஸைப் பிடிச்சேன். தாசையன் பின்னாலேயே வந்து, "தாயி, பல்லு முளைச்ச பிறகு இப்படிப் பண்ணுறியே"ன்னாரு.

பனைவிளையிலே அவ திங்குதாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அவ அம்மாவுக்கு நடக்க முடியாது, யாரு பார்த்துப் பொங்கிப் போடுவா? போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. திங்கலைன்னா, அங்கே ரெண்டு வயிறு இருக்கு. அவ அம்மாவோட மூணு. பன்னிரண்டையும் ஒரே நேரத்திலே திங்க முடியாது, நாளைக்கும் வேணும், நாளன்னைக்கும் வேணும். ஒண்ணுகூட மிச்சம் வரக்கூடாதுன்னா நான் பக்கத்திலே இருந்து பார்க்கணும். அதுக்குத்தான் மாத்துச் சேலை எடுத்துக்கிட்டேன். வேற ஒண்ணுக்கும் இல்லே.

போன் விஷயம் அவளுக்குத் தெரியாது. ஊர்லேருந்து யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, நான் சொல்லக்கூடாதுன்னுட்டேன். என்னைப் பார்த்ததும் கேப்பா. வாசல்லே நிக்கும்போதே கேப்பா, என்ன மாமி, சேதி உண்டான்னு. நான் என்ன சொல்லணும்னு அப்பலேருந்து யோசிச்சுக்கிட்டே வாரேன். உங்களுக்கு ஏதும் தோணுதா? சொல்லுங்க. தோணலையா? சரி விடுங்க. எனக்கும் தோணலை.

விலக்கு வந்துட்டு. அந்தக் கொட்டானைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. அடியிலே பிடிங்க, பிடியைப் பிடிச்சா சாயும். தம்பி, விசிலை ஊதிராதே, ஆள் இறங்குது.

முதல்லே ஒண்ணைப் பிச்சு அவ கையிலே கொடுத்துருவேன். வாயிலே வைக்கது வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வெறும் வயித்தோட அந்தச் சேதியைக் கேக்க விட மாட்டேன்.